கல்லும் களிமண்ணுமான கொல்லையில் புல்தரை போட வழி உண்டா? அவசரம்

பச்சைத்தரை: வீட்டின் பின்பக்கம் வருடக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. கடப்பாரை போட்டால் கல்; மழை பெய்தால் சேறு காலை விடுவதில்லை. பாதியில் புல்தரை, பாதியில் காய்கறி போட ஆசை. மண்ணைக் கிளறும் டில்லர் இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. என்ன கலக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்வெட்டி: எவ்வளவு இடம்? வெயில் எத்தனை மணி நேரம் விழும்? கல் இயற்கையானதா, கட்டட இடிபாடா? இடிபாடு என்றால் சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டியிருக்கும்.

செம்பருத்தி: மணல் கலந்துவிடுங்கள், பொலபொலவென்று ஆகிவிடும்.

பழையவேர்: இதற்கு எத்தனை முறைதான் எழுதுவது? கேட்பதற்கு முன் பழைய பதில்களைத் தேடிப் படிக்கப் பழகுங்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் காய்ந்ததும் காரை மாதிரி இறுகும். தன்மை மாற வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அது நடக்கிற காரியமில்லை. மட்கிய எருவை 5 முதல் 8 செ.மீ. பரப்பி, மேல் 15 செ.மீ. மண்ணோடு கலக்கவும். ஈரத்தில் டில்லரை இறக்கவே கூடாது. ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து விரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் பதம், அப்படியே நசுங்கினால் காத்திருங்கள்.

தோட்டப்பித்து: எரு வேலை செய்ய நாளாகும். ஜிப்சம் (கால்சியம் சல்பேட் தூள்) போடுங்கள். எனக்கு மண் இளகியது.

மண்வெட்டி: சோடியம் மிகுந்த களிமண்ணுக்குத்தான் ஜிப்சம். காய்ந்த கட்டியை மழைநீரில் போட்டு, ஆட்டாமல் ஒரு நாள் வையுங்கள். கட்டியைச் சுற்றித் தண்ணீர் கலங்கினால் சோடியம் இருக்கலாம். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் ஜிப்சம் வீண் செலவு.

தோட்டப்பித்து: கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், வீண் என்கிறீர்களே!

மண்வெட்டி: கூடவே எரு போட்டீர்களா?

தோட்டப்பித்து: போட்டேன். அதற்கென்ன?

பழையவேர்: மண்ணை இளக்கியது அந்த எருதான்.

தோட்டப்பித்து: இரண்டும் சேர்ந்துதான். உங்களுக்கு விளங்காது.

வேலியோரம்: சண்டை இருக்கட்டும். பச்சைத்தரை, கோரைக் களை இருக்கிறதா? இருந்தால் டில்லர் ஓட்டாதீர்கள். மண்ணுக்குள் அதன் கிழங்குகளைக் கோத்திருக்கும் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனியாக முளைக்கும், எங்கும் பரவும். முதலில் அதை ஒழியுங்கள். கல் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டாம், மேலாக வரும் பெரிய கற்கள் போதும். காய்கறிப் பக்கம் தோண்டிச் சிரமப்படாமல், எரு கலந்த மண்ணால் மேட்டுப்பாத்தி கட்டிவிடுங்கள். அப்புறம், 30 செ.மீ. குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் புல்லுக்கு முன் வடிகாலைத்தான் பார்க்க வேண்டும்.

பச்சைத்தரை: கட்டி உதிர்ந்தது, தண்ணீர் தெளிவு. கோரை நிறைய இருக்கிறது, டில்லரைத் தள்ளிப்போட்டுவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

மண்வெட்டி: நல்லது. கல் இடிபாடா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லையே?