‘கேட்ச் அப்’ ஒன்றுதான், பின்னால் வருவது மட்டும் ஏன் மாறுகிறது?

கணக்கர்_கோவை கேட்கிறார்:

வணக்கம். கோவையில் உட்கார்ந்து இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் வரவுசெலவைப் பார்ப்பது என் வேலை. லீட்ஸில் இருக்கும் மேலாளரிடமிருந்து வெள்ளிக்கிழமை மாலை ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘லெட்ஸ் கேட்ச் அப் ஆன் மண்டே. ஐ ஹேவ் டு கேட்ச் அப் ஆன் தி இன்வாய்சஸ் ஃபர்ஸ்ட். தி ஆடிட்டர்ஸ் வில் கேட்ச் அப் வித் அஸ் லேட்டர்.’ கடைசி வரியைப் படித்ததும், ஆடிட்டர்கள் எங்களைப் பிடித்து உள்ளே தள்ளப்போகிறார்களோ என்று திடுக்கிட்டேன்.

படிக்கும்போது ஒருவாறு புரிந்துவிடுகிறது. எழுதும்போதுதான் கை நிற்கிறது. ‘அப்’புக்குப் பிறகு ‘ஆன்’ போடுவதா, ‘வித்’ போடுவதா, ‘டு’ போடுவதா? பள்ளியில் ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவது) பட்டியலை அகரவரிசையில் ஒப்பித்தோம். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். அந்தப் பட்டியல் இப்போது கைகொடுக்கவில்லை. இதில் ஏதாவது ஒழுங்கு உண்டா?

இன்னொன்று. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று எழுதுகிறார்கள், பாதிப் பேர் ‘மீட்டிங் யூ’ என்கிறார்கள். எது சரி?

பச்சைமை எழுதுகிறார்:

சென்னையில் இருந்துகொண்டு பிரிட்டிஷ் பதிப்பகங்களின் நூல்களைப் பிரதி திருத்துவது என் பிழைப்பு. ஆகவே இந்தச் சின்னச் சொற்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு.

முதலில் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். ‘புட்’ என்ற வினையின் கீழே எல்லாவற்றையும் கொட்டிவைத்ததால் வந்த வினை அது.

‘கேட்ச் அப் வித்’ மூன்று சொல் சேர்ந்த ஒரே கட்டி அல்ல. ‘கேட்ச் அப்’ தனியாகவே நிற்கும். பின்தங்கியவர் எட்டிப்பிடிப்பது என்று பொருள். ‘யூ கோ அஹெட், ஐ வில் கேட்ச் அப்’ என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் ‘வித்’தும் ‘ஆன்’னும் அடுத்து வரும் பெயர்ச்சொல்லைச் சேர்ந்தவை. நம் மொழியில் வேற்றுமை உருபு பார்க்கும் வேலையை அங்கே அவை பார்க்கின்றன. ஆளைச் சொன்னால் ‘வித்’. தேங்கிக் கிடக்கும் வேலை, விட்டுப்போன செய்தி, கெட்டுப்போன தூக்கம் என்றால் ‘ஆன்’. உங்கள் மேலாளரின் முதல் வரியில் இருக்கும் ‘ஆன்’ இந்தக் கூட்டத்திலேயே சேராது. அது கிழமைக்கு முன்னால் வழக்கமாக வருவது. ‘கேட்ச் அப் டு’ என்பதை அமெரிக்கர்கள் அதிகம் எழுதுவார்கள். லீட்ஸ்காரர் ‘ஐ வில் கேட்ச் யூ அப்’ என்று சொன்னால், ‘நீ நடந்துகொண்டிரு, நான் வந்து சேர்ந்துகொள்கிறேன்’ என்று பொருள். அது பிரிட்டிஷ் வழக்கு.

உங்கள் ஆடிட்டர் பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். செய்த தப்பு ஒருநாள் தேடி வந்து பிடிக்கும் என்பதற்கும் ‘கேட்ச் அப் வித்’தான். மேலாளர் ‘பிறகு பேசுவார்கள்’ என்ற பொருளில் எழுதியிருப்பார் என்று நம்புவோம்.

இனிமேல் வினையை விட்டுவிட்டுக் கடைசிச் சொல்லை வைத்து அடுக்கிப் பாருங்கள். ‘ரன் அவுட் ஆஃப்’, ‘பேக் அவுட் ஆஃப்’, ‘டாக் ஹிம் அவுட் ஆஃப்’: இவற்றில் எல்லாம் ஒன்று தீர்கிறது, அல்லது ஒருவர் ஒன்றிலிருந்து விலகுகிறார். ‘லுக் அப் டு’, ‘ஃபேஸ் அப் டு’, ‘ஓன் அப் டு’: முகம் ஒன்றை நோக்கித் திரும்புகிறது.

எனக்குப் பிடித்தது ‘ஆன்’. ‘லுக் டவுன் ஆன்’, ‘வாக் அவுட் ஆன்’, ‘ஹேங் அப் ஆன்’. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் அடிபடுகிறார். ‘ஷி ஹங் அப்’ என்றால் அவள் தொலைபேசியை வைத்தாள், அவ்வளவுதான். ‘ஷி ஹங் அப் ஆன் மீ’ என்றால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாள். அந்த ‘ஆன்’னில் என் மனத்தாங்கல் இருக்கிறது. அலுவலகக் கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டுகிறோமே, அந்த ‘மேல்’தான் ‘டேக் இட் அவுட் ஆன்’ என்பதில் வரும் ‘ஆன்’. ‘கட் டவுன் ஆன் சுகர்’ என்பதில் சர்க்கரையைத் தவிர யாருக்கும் காயமில்லை, ஆகவே இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘மீட்டிங் யூ’தான் சரி. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு தீபாவளி’ என்று சொல்லலாம் அல்லவா? அந்த ‘டு’ பெயர்ச்சொல்லைக் கேட்கிறது. வினை வந்தால் அதுவும் பெயராக மாறித்தான் வர வேண்டும். ‘ஐ வான்ட் டு தீபாவளி’ என்று யாரும் சொல்வதில்லை. அங்கே இருக்கும் ‘டு’ வேறு ஆள்.

ஒப்பிப்பவன் எழுதுகிறார்:

ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘புட் அப் வித்’ என்பதில் ‘வித்’தைக் கழற்றிவிட்டால் என்ன மிஞ்சும்? பொறுத்துக்கொள்வது என்ற பொருள் எங்கே போயிற்று? சாமுவேல் ஜான்சனே தான் தொகுத்த 1755 ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினைக்குப் பின்னால் சின்னச் சொல்லை ஒட்டும் இந்த வழக்கம்தான் அந்நியர்களுக்கு மிகப் பெரிய சிரமம் என்று எழுதிவிட்டார். மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

பச்சைமை எழுதுகிறார்:

‘புட் அப் வித்’ பற்றி நீங்கள் சொல்வது சரி. ‘டூ அவே வித்’தும் அப்படித்தான். பிரித்தால் உதிர்ந்துவிடும், முழுதாகத்தான் விழுங்க வேண்டும்.

ஆனால் ஜான்சனைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே பத்தியில், இவற்றை மிகுந்த கவனத்தோடு தொகுத்திருக்கிறேன், இனி மாணவர்களுக்கு இது கடக்க முடியாத தடையாக இருக்காது என்றும் சொல்கிறார். தொகுப்பில் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அதில் விட்டுப்போன சேர்க்கையையும் ஊகிக்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது.

இரவுப்பணி எழுதுகிறார்:

நான் பர்மிங்காமில் செவிலியர். இங்கே நோயாளிகள் பாடநூல் ஆங்கிலம் பேசுவதில்லை. ‘ஐ ஹேவ் கம் டவுன் வித் ஃப்ளூ’ என்றால் சளிக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். ‘ஐ ஹேவ் கம் அவுட் இன் எ ராஷ்’ என்றால் உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிட்டது. நோயின் பெயருக்கு ‘வித்’, தோலில் தெரிவதற்கு ‘இன்’. பச்சைமை ஐயா சொன்ன முறை வார்டில் நன்றாகவே வேலை செய்கிறது. இருமல்காரரிடம் ‘ஆர் யூ பிரிங்கிங் எனிதிங் அப்?’ என்று மருத்துவர் கேட்பது சளி வெளியே வருகிறதா என்று. ‘ஹி ஹேஸ் கம் ரவுண்ட்’ என்றால் மயக்கம் தெளிந்துவிட்டது.

ஊரிலிருந்து நேர்காணலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்று சொல்லாதீர்கள். பட்டாளத்திலும் போலீஸிலும் பயிற்சி முடிப்பதற்கு இங்கேயும் அந்த வழக்கு உண்டு. மற்றபடி மயங்கி விழுந்தேன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘குவாலிஃபைடு’ போதும்.

கணக்கர்_கோவை எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் அக்கா சொன்னது என் தங்கைக்கும் உதவும். கடைசியாக இரண்டு சந்தேகம். ‘கோப் அப் வித்’ என்று எங்கள் பக்கம் எல்லோரும் எழுதுகிறோம், கணினி அடிக்கோடு போடுகிறது. அப்புறம், ‘இட்’ எங்கே உட்கார வேண்டும்?

பச்சைமை எழுதுகிறார்:

கணினி பக்கம்தான் நியாயம், ‘கோப் வித்’ மட்டுமே. ‘கீப் அப் வித்’, ‘புட் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ என்று வாய் பழகிய வேகத்தில் ‘அப்’ தானாக நுழைந்துவிடுகிறது. இந்தியாவில் எழுதிய கட்டுரைகளில் இதை அடித்து அடித்து என் பேனா தேய்ந்தது.

‘இட்’டுக்கு உரிய இடம்: ஒட்டிய சொல் வினையைச் சேர்ந்தது என்றால் நடுவில் வரும், ‘புட் இட் ஆஃப்’. பெயரைச் சேர்ந்தது என்றால் கடைசியில், ‘லுக் ஆஃப்டர் இட்’. பேசுகிறவர் எதை அழுத்துகிறார் என்று கேளுங்கள். ‘லுக் இட் அப்’ என்னும்போது ‘அப்’ உரக்க ஒலிக்கும், ‘லுக் அட் இட்’ என்னும்போது ‘அட்’ காதில் விழுந்தும் விழாததுபோல் போய்விடும். இரண்டும் சேர்ந்து வந்தால் ‘இட்’ கடைசிக்குப் போகும், ‘புட் அப் வித் இட்’. ‘டேக் இட் அவுட் ஆன் ஹிம்’ போல இரண்டு பெயர் கேட்கும் சேர்க்கைகளில் மட்டும் நடுவிலும் ஒன்று, கடைசியிலும் ஒன்று.

மேலாளருக்கு ‘லெட்ஸ் கேட்ச் அப் ஆன் தி இன்வாய்சஸ் ஆன் மண்டே’ என்று எழுதுங்கள். இரண்டு ‘ஆன்’ வருகிறதே என்று ஒன்றை வெட்டிவிடாதீர்கள்.