பொழுது வெள்ளன சாயுதே, உங்க பக்கமும் அப்படியா?

ஹட்டன்காரன்:
ஏப்ரல்ல வெயில் காலத்துல ஆறரைக்கும் முத்தத்துல வெளிச்சம் இருந்துச்சு, புள்ளைங்க கிரிக்கெட் விளையாடிட்டுதான் வருவாங்க. இப்ப ஒக்டோபர் முடியப்போகுது, ஆறு மணிக்கே லயத்து வீட்டுல லைட் போட வேண்டி கிடக்கு. நாம இருக்கிறது வெப்ப நாடுதானே, இங்கயும் பகல் குறையுமா?

மலைநாட்டு மாஸ்டர்:
குறையும் தம்பி, ஆனா கொஞ்சம்தான். நம்ம இலங்கை மலைநாடு பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்க இருக்கு, ஜூன்ல பகல் 12 மணி 30 நிமிஷம் கிட்ட வரும், டிசம்பர்ல 11 மணி 45 நிமிஷம் மாதிரி. லண்டன்ல இருக்கிற சொந்தக்காரங்கள கேளுங்க, அங்க டிசம்பர் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்ல. இன்னொன்னு, ஆகக் குறுகின பகல் டிசம்பர் 21, 22 பக்கம்தான், ஆனா இங்க சூரியன் ஆக வெள்ளன மறையிறது நவம்பர் நடுவுல. பூமி சாஞ்சு சுத்துறதும் அது போற பாதை சரியான வட்டம் இல்லாததும்தான் காரணம்.

பண்டாரவளை அக்கா:
மாஸ்டர் சொல்ற கணக்கு சரி, ஆனா மழைய விட்டுட்டாரே! ஆடி மாசம் இங்க காஞ்ச காத்து, துணி ரெண்டு மணித்தியாலத்துல காஞ்சுரும், இப்ப பகல் ரெண்டு மணிக்கே இடி இடிச்சு கருக்குது, ஸ்கூல் சொக்ஸ அடுப்பு மேல தொங்கவிட்டுதான் காய வைக்கிறேன்.

ஹட்டன்காரன்:
அப்ப மேகமும் சேர்ந்துதான் இருட்டாக்குது, நன்றி மாஸ்டர். அக்கா, சொக்ஸ் புகை மணக்காதா?

பண்டாரவளை அக்கா:
மணக்கும்தான், என்னா செய்ய.