18 மாதச் சம்பளம், 33 மாதச் செலவு: கேடட் வீட்டுக் கணக்கு

சுக்கான்:

கேடட்டாக, அதாவது கப்பலில் பயிற்சி அதிகாரியாக, ஏறப்போகும் தம்பி ஒருவன் நேற்று கேட்டான். "அண்ணே, அடுத்த வாரம் ஜாயினிங். அலாட்மென்ட் ஃபார்மில் எவ்வளவு எழுத?" சம்பளத்தில் மாதாமாதம் எவ்வளவு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் ஃபார்ம் அது. ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே ஃபார்மில் நான் எழுதிய ஒரு வார்த்தை எங்கள் வீட்டை மூன்று வருஷம் ஆட்டி வைத்தது. அதனால் முழுக் கதையையும் எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே சேருங்கள்.

ஊர் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காடு. அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. டி.என்.எஸ். என்ற ஒரு வருஷக் கப்பல் டிப்ளமோ படிப்புக்கு ஆறரை லட்சம் கல்விக் கடன் வாங்கினோம். படிக்கிற காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்று பேங்கில் சொன்னார்கள். வட்டியும் கிடையாது என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். வட்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. படிப்பு முடிந்து கப்பல் கிடைக்க எட்டு மாதம் ஆனது. 2018 செப்டம்பரில் நிலக்கரி, தானியம் போன்ற சரக்கு ஏற்றும் ஒரு பல்க் கேரியரில் ஏறினேன். ஏறிய நாலாவது மாதம் தவணை ஆரம்பம், கிட்டத்தட்ட 11,000 ரூபாய்.

ஸ்டைபண்ட் (பயிற்சிக்காலச் சம்பளம்) மாதம் 400 டாலர். அன்றைய ரேட்டில் 28,000 சொச்சம். கப்பலுக்கு ஆள் எடுக்கும் மேனிங் ஆபீஸில் ஃபார்மை நீட்டியபோது அப்பா பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய தொகை என்ற இடத்தில் "முழுவதும்" என்று எழுதினேன். 20 வயசில், அப்பா பார்த்துக்கொண்டிருக்க, அதைவிடக் குறைவாக எழுத எவனுக்கு மனசு வரும்?

சாப்பாடும் கேபினும் கம்பெனி கணக்கு, கப்பலில் காசு எதற்கு என்றுதான் நினைத்தேன். சோப்பு, பேஸ்ட், இன்டர்நெட் கார்டு, ஒரு கேஸ் கோக் என்று கப்பலுக்குள்ளேயே இருக்கும் கடையான பாண்ட் ஸ்டோரில் எடுப்பதையெல்லாம் மாசக் கடைசியில் போர்ட்டேஜ் பில் என்ற சம்பளக் கணக்கில் நம் பெயருக்கு நேரே கழிப்பார்கள். கழிக்க என் பெயரில்தான் ஒன்றும் இல்லையே. தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பேயில் நிலக்கரி ஏற்ற நின்றபோது கரைக்குப் போய்வர ஷோர் லீவ் கிடைத்தது. கேஷ் அட்வான்ஸ் கேட்டுக் கேப்டன் கேபினுக்குப் போனேன். மலையாளி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மோனே, உன் கணக்கு மைனஸில் நிற்கிறது" என்றார். அன்று கரையில் நான் குடித்த காபி பிலிப்பினோ போசன் (டெக் ஆட்களின் தலைவர்) வாங்கிக் கொடுத்தது.

ஊரில் நடந்தது வேறு. மாசா மாசம் 28,000 வந்து விழுகிறது. முதலில் அம்மாவின் செயினை மீட்டார்கள், அது நல்ல காரியம். அப்புறம் தம்பிக்குத் தவணையில் பைக். சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கைமாற்றாக 50,000. ஒரு சீட்டு. மாடியில் ஒரு அறைக்குச் சுவர் எழும்பியது. யாரும் ஊதாரித்தனம் பண்ணவில்லை. மாதச் சம்பளக்காரன் வீட்டில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள்.

ஒன்பது மாதத்தில் சைன் ஆஃப், கப்பலை விட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து பாஸ்புக்கைப் பார்த்தால் 3,400 ரூபாய். அடுத்த கப்பலுக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன். அந்த ஐந்து மாதமும் ஒரு பைசா வரவில்லை. கப்பலை விட்டு இறங்கிய நாளோடு சம்பளம் நின்றுவிடும் என்பதை நான் அப்பாவிடம் சொன்னதே இல்லை, அவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கல்விக் கடன், பைக், சீட்டு என்று மூன்று தவணையும் நிற்கவில்லை. செயின் திரும்ப அடகுக்குப் போனது.

இரண்டாவது கான்ட்ராக்ட்டில் கடலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்களுக்கு மொத்தம் 18 மாதக் கடல் சர்வீஸ் வேண்டும். அதோடு நடுவில் காத்திருந்த 5 மாதம். முடித்தபிறகு செகண்ட் மேட் (கப்பல் அதிகாரி) பரீட்சைக்குச் சென்னையில் தங்கி கோர்ஸ், ரைட்டிங், ஓரல் எல்லாம் முடிக்க 10 மாதம் என்று வைத்தேன் (ஓரலில் ஒருமுறை ஃபெயில், அப்படியே ஆனது). ஆக 33 மாதம். 28,000-த்தை 18-ஆல் பெருக்கி 33-ஆல் வகுத்தால் 15,272 ரூபாய். அதில் 11,000 பேங்குக்கு. என் நிஜமான மாதச் சம்பளத்தில் மிச்சம் 4,272 ரூபாய். ஊருக்கு அனுப்பக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

அன்று ராத்திரியே குரல் செய்தி வந்தது. "இது நம்ம அளத்துக் கணக்குதானலே. உப்பு வாருற மாசத்துல சாப்பிடுறது பாதி, ஐப்பசி கார்த்திகைக்கு எடுத்து வைக்கது பாதி. இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா." அத்தனை வருஷம் மழைக்காலத்தில் வேலையில்லாமல் குடும்பம் நடத்தியவருக்கு நான் போய்ப் புதுசாகச் சொல்ல ஒன்றுமே இல்லை. கப்பல் சம்பளமும் சீசன் சம்பளம்தான் என்ற ஒரே விஷயம்தான் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

பைக்கைக் கொடுத்துவிட்டார்கள். மாடிச் சுவர் இரண்டு வருஷம் அப்படியே நின்றது. அந்த 50,000 வந்ததா என்று கேட்காதீர்கள்.

---

பாண்ட்_ஸ்டோர்:

கதையில் ஒரு ஐட்டம் விட்டுப்போச்சு அண்ணே. சைன் ஆஃபுக்கு முந்தின துறைமுகத்தில் சென்ட், சாக்லெட், மாமாவுக்கு வாட்ச். என் முதல் கான்ட்ராக்ட்டில் அதுவே 310 டாலர். முக்கால் மாசச் சம்பளத்தைச் சூட்கேஸில் வைத்துத் தூக்கி வந்தேன். மாமா அந்த வாட்ச்சை இன்னும் கட்டவில்லை.

---

நாகர்கோவில் அம்மா:

என் மகன் இப்போது கப்பலில் இருக்கிறான். நான் தப்புச் செய்ததைச் சொல்கிறேன், மற்ற அம்மாக்களுக்குப் பயன்படட்டும்.

போகும்போது ஊர் சிம்மை ஒரு பழைய போனில் போட்டு, "அம்மா, ஓடிபி இதுலதான் வரும், பத்திரம்" என்று கொடுத்துவிட்டுப் போனான். நான் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாலாவது மாதம் கடன் தவணைக்காகப் பணம் மாற்ற போனை எடுத்தால் சிக்னலே இல்லை. பிரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல் கிடந்தால் எடுத்துவிடுவார்கள் என்று கடையில் சொன்னார்கள். பேங்குக்குப் போனேன். கணக்கு அவன் பெயரில் மட்டும், அவன் நேரில் வர வேண்டும் என்றார்கள். அவன் அட்லாண்டிக்கில் இருக்கிறான், எப்படி வருவான்? அவன் சம்பாதித்த பணம் கணக்கில் கிடக்க, தவணை பவுன்ஸ் ஆகி அபராதம் போட்டார்கள். இரண்டு மாதத் தவணையை என் மகளிர் குழுக் கடனில் கட்டினேன்.

அவன் திரும்பி வந்ததும் என்.ஆர்.ஐ.க்களுக்கான என்.ஆர்.இ. பேங்க் கணக்கு ஆரம்பித்தோம். அதில் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவையும் சேர்க்கலாம். ஆனால் "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்ற முறையில்தான், அதாவது அவன் இருக்கும்வரை பணம் அவனுடையது. தனியாக ஒரு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஊர்ச் செலவுக்கு நான் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கிலிருந்து யாருக்கும் தானமாகத் தூக்கிக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லையாம். அதுவும் ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. கொழுந்தனார் வந்து கேட்டபோது, "பேங்கில் விடமாட்டேன் என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். தவணை இப்போது தானாகவே போகிறது. சிம்முக்கு மாதாமாதம் ஒன்றாம் தேதி நானே ரீசார்ஜ் செய்கிறேன், காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்.

---

பர்ப்பிள்_பாய்லர்சூட்:

நான் இன்ஜின் பக்கம், இப்போது தேர்ட் இன்ஜினியர். கேடட் தம்பிகளுக்கு இன்றைக்கு வரி பெரிய விஷயம் இல்லை, தொகை சின்னது. ஆனால் நாள் எண்ணும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஒரு வருஷத்தில் இந்தியாவில் 182 நாள் இருந்துவிட்டால் நாம் ரெசிடென்ட், டாலர் சம்பளமும் இந்திய வரிக்குள் வரும். அதைவிடக் குறைவாக இருந்தால்தான் என்.ஆர்.ஐ. ஆக, 365 நாளில் 184 நாள் வெளியே. ஃபோர்த் இன்ஜினியராக இருந்த வருஷம் 190 நாள் வரும் என்று நம்பி இருந்தேன். எனக்குப் பதில் ஏறும் ரிலீவர் சீக்கிரம் கிடைத்தார், கப்பலும் விமானச் செலவு குறைந்த துறைமுகத்துக்குப் போனது, 12 நாள் முன்னாடியே இறக்கிவிட்டார்கள். 178. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், பொங்கலுக்கு வந்துவிட்டான் என்று. ஜூலையில் ஆடிட்டரிடம் போனபோதுதான் அந்த ஆறு நாளின் விலை தெரிந்தது. அன்று மட்டும் கணக்கு ஞாபகம் இருந்திருந்தால், "சார், இன்னும் ஒரு வாரம் இருக்கிறேனே" என்று சீஃப் இன்ஜினியரிடம் கேட்டிருப்பேன்.

இன்னொன்று. என்.ஆர்.ஐ. மாலுமியின் சம்பளம் இந்தியாவில் உள்ள என்.ஆர்.இ. கணக்கில் வரவானது என்பதற்காக மட்டும் வரி போடக்கூடாது என்று 2017 ஏப்ரலில் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஊரில் சில ஆடிட்டர்களுக்கே இது தெரியவில்லை. ஆடிட்டரிடம் போகும்போது சி.டி.சி. என்ற மாலுமிப் பதிவுப் புத்தகத்தில் சைன் ஆன், சைன் ஆஃப் பக்கங்கள் கட்டாயம் கையில் இருக்கட்டும்.

---

நங்கூரம்:

நான் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எனக்கு மேலே சொன்ன பிரச்சினை எதுவும் இல்லை, ஏனென்றால் எனக்கு ஸ்டைபண்டே வரவில்லை. வீட்டு மனையை விற்று ஏஜென்ட் ஒருவனுக்கு மூன்றரை லட்சம் கொடுத்துத்தான் கேடட்டாக ஏறினேன். வேலைக்கு எடுப்பதற்காக மாலுமியிடம் பணம் வாங்கவே கூடாது என்பது சட்டம். அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன், கிளாஸ்மேட் எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்ற வெறி. ஷார்ஜா வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்த ஒரு பழைய டேங்கர். முதல் மாதம், "அடுத்த மாதம் சேர்த்து வரும்" என்றார்கள். மூன்றாவது மாதத்தில் சமையல்காரர் அரிசியை அளந்து போட ஆரம்பித்தார்.

வீட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா கேட்டபோதெல்லாம் "கப்பலிலேயே சேமித்து வைக்கிறேன்" என்று பொய் சொன்னேன். உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஏறுவதற்கு முன்னால் அக்ரிமென்ட்டையும் சி.டி.சி. பக்கங்களையும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். ஐந்தாவது மாதம் அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் அடையாள எண்), அக்ரிமென்ட் எல்லாம் வைத்து மும்பையில் கப்பல் துறை அரசு அலுவலகமான டி.ஜி. ஷிப்பிங்குக்கும், சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஐ.டி.எஃப்.க்கும் அவள்தான் எழுதினாள். இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டாலே மாலுமியைக் கைவிட்டதாகக் கணக்கு என்றும், நாலு மாதம் வரையான பாக்கிக்குக் காப்பீடு இருக்க வேண்டும் என்றும் எம்.எல்.சி. என்ற சர்வதேச மாலுமித் தொழிலாளர் ஒப்பந்தத்தில் இருப்பதை அவள் படித்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தக் காப்பீட்டுச் சான்றிதழ் மெஸ் ரூம் சுவரில்தான் ஒட்டியிருந்தது. தினமும் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

நாலு மாத ஸ்டைபண்டும் ஊருக்கு டிக்கெட்டும் கிடைத்தது. ஏஜென்ட்டிடம் கொடுத்தது போனது போனதுதான். பணம் கேட்கிறவனிடம் போகாதீர்கள். ஏஜென்ட்டின் ஆர்.பி.எஸ்.எல். (ஆள் எடுக்கும் உரிமம்) எண்ணை டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், அவன் காட்டும் பேப்பரை நம்ப வேண்டாம்.

---

ராயபுரம்:

எல்லாம் சரி சுக்கான் அண்ணே, ஒன்று கேட்கிறேன், தப்பா எடுக்காதீங்க. நம்மைப் படிக்க வைக்க எல்லாவற்றையும் வைத்தவர்களிடம் "இவ்வளவுதான் அனுப்புவேன்" என்று கணக்குச் சொல்வது அசிங்கமாக இல்லையா? நான் இன்றைக்கும் முழுவதும்தான் அனுப்புகிறேன். அப்பா பார்த்துக்கொள்வார்.

---

சுக்கான்:

உங்கள் அப்பா பார்த்துக்கொள்வார் என்றால் அனுப்புங்கள், அதில் தப்பே இல்லை. என் அப்பாவும் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் நான் மறைத்தது பணத்தை அல்ல, எத்தனை மாதம் பணம் வராது என்பதை. அதைச் சொல்லிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

நங்கூரம் தம்பி, அக்காவுக்கு ஒரு கும்பிடு. நாகர்கோவில் அம்மா, "பேங்கில் விடமாட்டேன் என்கிறார்கள்" என்ற வசனத்தை எங்கள் அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உன் ஸ்டைபண்டும் 400 என்றால் வீட்டுக்கு 320 எழுது, 80 கப்பலில் இருக்கட்டும். செலவு போக மிச்சம் இருப்பது சைன் ஆஃபில் உன் கைக்கே வரும், அது பரீட்சைப் பணம். நடுவில் மாற்ற வேண்டும் என்றால் கேப்டனிடம் சொன்னால் ஆபீஸுக்கு எழுதுவார். ஃபார்மில் கையெழுத்துப் போடும் முன்னால் அப்பாவை ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போய் 18, 33 இரண்டையும் ஒரு பேப்பரில் எழுதிக் காட்டு. ஆபீஸ் ரிசப்ஷனில் வைத்துப் பேசாதே, அங்கே எல்லா அப்பாக்களும் நின்றுகொண்டிருப்பார்கள்.