70 வயது டிஸ்னிலேண்டின் பிறந்த நாள்: திருவிழாவா, திருவிழாக் கடையா?

நெல்லை_இர்வைன்:

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். 2025 ஜூலையில் ஒரு புதன்கிழமை அவரையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவில் இருக்கும் ஆனஹைம் டிஸ்னிலேண்ட் போனோம். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். நாள் நன்றாகத்தான் போனது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல இந்தத் திரியைத் தொடங்கவில்லை. அம்மா கேட்ட ஒரு கேள்விதான் காரணம்.

உள்ளே எங்கே திரும்பினாலும் 70 என்று எழுதியிருந்தது. கோட்டையில் 70, தோரணத்தில் 70, தொப்பியில், சட்டையில், காது வைத்த ஹெட்பேண்டில், பாப்கார்ன் பக்கெட்டில், கேக்கில். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு சோடிச்சிருக்கானே, என்னிக்கிப் பொறந்த நாளு?" என்றார். ஜூலை 17 என்றேன். எப்போது ஆரம்பித்தார்கள் என்று கேட்டார். மே 16. முடிவது? அடுத்த வருஷம் கோடையில். அதற்கு அவர், "கொடியேத்துனா பத்து நாள்ல எறக்கணும்லா? இவன் எறக்கவே மாட்டான் போலுக்கே" என்றார்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவை நேரில் பார்க்காத வருஷம் அம்மாவுக்கு இது ஒன்றுதான். தேரோட்டத்தை என் லேப்டாப்பில் யூடியூபில் பார்த்து அழுதார். அதனால் அந்த நினைப்பிலேயே இருந்தார். சாயங்காலம் பூங்காவுக்குள் இருக்கும் மெயின் ஸ்ட்ரீட் என்ற தெருவின் நடைபாதையில் துண்டை விரித்து, சாமி புறப்பாட்டுக்கு உட்காருவதுபோல ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே இடம் பிடித்துவிட்டார். ‘பெயின்ட் தி நைட்’ ஊர்வலம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. லட்சக்கணக்கான விளக்குகள், வண்டி வண்டியாக. ரதவீதியில்கூட இப்படிப் பார்த்ததில்லை என்றார்.

என் கேள்வி இதுதான். கோயில் திருவிழாவிலும் வளையல் கடை, அல்வாக் கடை, ராட்டினம் எல்லாம் உண்டு. கடை இல்லாமல் திருவிழா கிடையாது. ஆனால் தேர் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம். கையில் பைசா இல்லாதவனும் வடம் பிடிக்கலாம். இங்கே தேரே கடைக்குள் நிற்கிறது. நாங்கள் போன சமயத்தில் உள்ளே நுழையவே ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு, போகிற நாளைப் பொறுத்து, 104 டாலரிலிருந்து 206 வரை இருந்தது. 1955இல் பெரியவர்களுக்கு ஒரு டாலர், குழந்தைகளுக்கு ஐம்பது சென்ட். இந்த ஆண்டுவிழாக்கள் எப்போது இப்படி ஆனது? முன்பும் இப்படித்தானா, இல்லை எனக்குத்தான் வயசாகிறதா?

பி.கு.: பக்கெட்டை நானும் வாங்கினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விலையை அம்மாவிடம் சொல்லவில்லை, ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிடுவார்.

கணக்குப்பிள்ளை:

அந்த ஒரு டாலர் கணக்கை எல்லாரும் சொல்கிறார்கள், பாதிதான் சொல்கிறார்கள். அது வாசலுக்கு மட்டும். உள்ளே ராட்டினத்துக்கு ராட்டினம் தனிச் சீட்டு. அப்புறம் 1955இன் ஒரு டாலர் இன்றைக்குச் சுமார் 12 டாலர். அப்படிப் பார்த்தாலும் விலை எங்கேயோ போய்விட்டது, அதை மறுக்கவில்லை.

ஆனால் "எப்போது இப்படி ஆனது" என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில்: திறந்த அன்றைக்கே. நான் தணிக்கைத் தொழிலில் இருக்கிறவன். யார் எவ்வளவு போட்டார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். பூங்காவைக் கட்டிய வால்ட் டிஸ்னியிடம் காசு இல்லை. ஏபிசி தொலைக்காட்சி அரை மில்லியன் டாலர் போட்டது, 4.5 மில்லியன் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. பதிலுக்கு அவர்களுக்கு வாராவாரம் ஒரு நிகழ்ச்சி. 1954 அக்டோபரில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியின் பெயரே ‘டிஸ்னிலேண்ட்’. இன்னும் கட்டி முடிக்காத பூங்காவுக்கு, குடும்பமே உட்கார்ந்து பார்த்த ஒரு மணி நேர விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1955 ஜூலை 17 திறப்பு விழாவையும் ஏபிசிதான் நேரலையில் காட்டியது. தொகுத்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரீகன்.

உள்ளே இருந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கைசர் அலுமினியம் கம்பெனியின் "அலுமினியப் புகழ் மண்டபம்", அதில் ஒரு அலுமினியப் பன்றி. மான்சாண்டோ என்ற ரசாயனக் கம்பெனியின் வேதியியல் கூடம். அடுத்த வருஷம் கிரேன் என்ற குழாய்க் கம்பெனியின் "நாளைய குளியலறை". குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் குளியலறை பார்த்திருக்கிறார்கள்! எல்லாவற்றுக்கும் மேலே மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு உள்ளாடைக் கடை. அதில் ஒரு இயந்திர மந்திரவாதி உள்ளாடையின் வரலாற்றைச் சொல்லுவாராம். சில மாதங்களில் கடையை மூடிவிட்டார்கள். அதன் திண்ணை மட்டும் இன்னும் இருக்கிறது. உங்கள் அம்மா துண்டு விரித்த இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் இருக்கும்.

அதனால் கடைக்குள் தேர் வந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். கடைக்காரர் கட்டிய தேர் அது.

சும்மா_வந்தேன்:

பிறந்த நாள் வீட்டுக்குப் போனால் மொய் எழுதணும் சார். இதுக்கு ஒரு திரியா?

நெல்லை_இர்வைன்:

சும்மா_வந்தேன், மொய் என்றால் நோட்டில் எழுதி வைத்து நம் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். என் மகள் சடங்குக்கு மிக்கி மவுஸ் தாம்பாளத்தோடு வருமா?

கணக்குப்பிள்ளை அண்ணே, அலுமினியப் பன்றியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். நான் தேடிப் பார்த்ததில், பழைய ஆண்டுவிழாக்களில் ஏதாவது கையில் வந்திருக்கிறது. 1965இல் பத்தாவது வருஷம், ஆபிரகாம் லிங்கன் எழுந்து நின்று பேசும் இயந்திரப் பொம்மை ஆனஹைமுக்கு வந்தது. 1985இல் முப்பதாவது வருஷம், உள்ளே வரும் ஒவ்வொரு முப்பதாவது ஆளுக்கும் பரிசு, பெரிய பரிசாகக் கார்கூட. 1995இல் நாற்பதாவது வருஷம், இந்தியானா ஜோன்ஸ் சவாரி. அது இன்றைக்கும் ஓடுகிறது. அம்மா அதில் கண்ணை மூடிக்கொண்டு "முருகா முருகா" என்று வந்தார். அதாவது கொண்டாட்டம் முடிந்த பிறகும் மிஞ்சுகிற மாதிரி ஒன்று. பாப்கார்ன் பக்கெட் அப்படி மிஞ்சுவதில்லை.

கணக்குப்பிள்ளை:

கார் ஜெனரல் மோட்டார்ஸ் கார், தம்பி. அதுவும் விளம்பரம்தான். ஐந்து வருஷம் கழித்து முப்பத்தைந்தாவதுக்குக் கைப்பிடியை இழுத்தால் பரிசு விழுகிற பெரிய எந்திரம் ஒன்றை வைத்தார்கள், சூதாட்ட விடுதியில் இருப்பதைப்போல. கொடுப்பதும் வியாபாரத்தில் சேர்ந்ததுதான், தீபாவளிக்குத் துணிக்கடையில் பித்தளைக் குத்துவிளக்கு கொடுப்பதில்லையா.

இந்த வருஷமும் மிஞ்சுகிற மாதிரி ஒன்று வந்திருக்கிறதே. லிங்கன் இருந்த அதே ஆப்பரா ஹவுஸில் இப்போது வால்ட் டிஸ்னியே இயந்திரப் பொம்மையாக எழுந்து பேசுகிறார். ஜூலை 17 அன்றுதான் திறந்தார்கள். பார்த்தீர்களா?

நெல்லை_இர்வைன்:

நாங்கள் போனது அதற்கு முந்தின நாள்! பார்க்கவில்லை. ஆனால் அதைப் பற்றிப் படித்தேன். அவருடைய பேத்தி ஒருவரே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னாரே. 1966இல் இறந்தவரை எழுப்பிப் பேச வைப்பது எனக்கும் என்னவோ போல இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "தாத்தா படத்துக்கு மாலை போட்டா போதாதாக்கும், எழுப்பி வேற நிறுத்தணுமா" என்றார்.

தம்பா_தமிழச்சி:

கலிபோர்னியாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஃபுளோரிடாக்காரி நான் சொல்கிறேன், உங்களுடையது எவ்வளவோ தேவலை.

இங்கே வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தது 1971 அக்டோபர் 1. 1996இல் இருபத்தைந்தாவது வருஷம் என்று சிண்ட்ரெல்லா கோட்டை முழுவதும் ரோஸ் வண்ணம் அடித்து, மெழுகுவர்த்தி, மிட்டாய் எல்லாம் ஒட்டி, பிறந்த நாள் கேக்காகவே ஆக்கிவிட்டார்கள். பதினைந்து மாதம் அப்படியே நின்றது. இன்றைக்கும் அந்தப் படத்தைப் போட்டால் பாதிப் பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்கும். அசிங்கம்தான், ஆனால் யாரோ ஒருவர் ஆசைப்பட்டுச் செய்த அசிங்கம் மாதிரி இருக்கும். நிமிர்ந்து பார்க்கக் காசும் கேட்கவில்லை.

ஐம்பதாவதுதான் வேறு கதை. 2021 அக்டோபர் 1இல் ஆரம்பித்து 2023 மார்ச் 31 வரை, பதினெட்டு மாதம். நான்கு பூங்காக்களிலும் தங்கச் சிலைகள் வைத்தார்கள், அழகுதான். ஆனால் அதே அக்டோபரில் வரிசையைத் தாண்டிப் போகும் சீட்டுக்குக் காசு வந்தது. ஃபாஸ்ட்பாஸ் என்று 1999இலிருந்து டிக்கெட்டோடு சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது. கொரோனாவில் நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்தபோது பெயர் ஜீனி பிளஸ், நாளைக்கு 15 டாலர். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு விமான நிலையத்திலிருந்து விட்ட இலவச பஸ்ஸும் 2022 பிறந்ததோடு நின்றது. இரண்டும் ஆண்டுவிழாவுக்கு நடுவில்.

பக்கெட் விற்றால் எனக்கென்ன? வேண்டாம் என்றால் வாங்காமல் வரலாம். கல்யாண வீட்டில் மேடையை ஜோடித்துவிட்டுப் பந்தியில் இலைக்குக் காசு கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அதுதான் உறுத்தியது.

நிஷிகசாய்_நிலா:

தம்பா அக்கா சொல்வதுதான் சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன். டோக்கியோவிலிருந்து ஒரு எதிர் உதாரணம் தருகிறேன். நாங்கள் இருக்கும் நிஷிகசாயிலிருந்து டோக்கியோ டிஸ்னிலேண்ட் பக்கம்தான். எங்கள் அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. விருந்தாளி வந்தால் கூட்டிப்போய்க் காட்டும் இடம் அது.

இங்கே பூங்காவை நடத்துவது டிஸ்னி கிடையாது, ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி. உரிமம் வாங்கி நடத்துகிறார்கள். வியாபாரத்தில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பாப்கார்ன் பக்கெட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைவதை நான் இங்கேதான் முதலில் பார்த்தேன். பாட்டிகள்கூட மாட்டியிருப்பார்கள். பாப்கார்னும் உப்பு, கேரமல் என்று நிற்காது, கறிப்பொடி வாசனையில்கூட உண்டு. 1983இல் திறந்தபோது நாள் டிக்கெட் 3,900 யென். 2023 அக்டோபரிலிருந்து கூட்டமான நாளில் 10,900.

ஆனால் அந்த 2023தான் நாற்பதாவது ஆண்டு. அதற்கு முந்தின வருஷம்தான் காசு கொடுத்து வரிசை தாண்டும் சீட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். நாற்பதாவது ஆண்டு ஜூலையில், "40ஆம் ஆண்டு முன்னுரிமைச் சீட்டு" என்று ஒன்றை இலவசமாக விட்டார்கள். சில சவாரிகளுக்கு மட்டும். போனில் அந்தச் செயலியைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். காசுச் சீட்டையும் எடுக்கவில்லை, அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுவிழா முடிந்த பிறகும் இலவசச் சீட்டு நிற்கவில்லை.

சும்மா_வந்தேன் அண்ணா, மொய் திரும்பி வந்த கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

சும்மா_வந்தேன்:

பாதி மொய்.

நெல்லை_இர்வைன்:

நிலா, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை, நன்றி. தம்பா அக்காவின் பந்தி உதாரணத்துக்குப் பிறகு என் கேள்வியே கொஞ்சம் மாறிவிட்டது. நான் கடையைப் பார்த்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இலையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வாசலைத் தாண்டியதும் சிட்டி ஹால் என்ற பூங்காவின் உதவி அலுவலகத்தில் முதல் முறை வருகிறவர்களுக்கு வட்டமாக ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். இலவசம், வருஷம் பூராவும் உண்டு, 70க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே இருந்த பெண் அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா பெயர் நீளம், வட்டத்துக்குள் அடங்கவில்லை, கடைசி எழுத்துகள் ஓரத்தில் வளைந்து போயின. புடவையில் குத்திக்கொண்டு நாள் முழுவதும் நடந்தார். வழியில் பார்த்த ஊழியர்களில் நாலைந்து பேர் அதைப் படித்து, பெயரைத் தப்பாகச் சொல்லிக் கும்பிட்டார்கள். அம்மாவும் பதிலுக்குக் கும்பிட்டார். ஆகஸ்ட்டில் ஊருக்குக் கிளம்பும்போது அதைத்தான் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கணக்குப்பிள்ளை:

சரி, அந்த பக்கெட் என்ன ஆச்சு?

நெல்லை_இர்வைன்:

அம்மா போகும் முன்னால் அதில் மோர் மிளகாய் போட்டு வைத்துவிட்டுப் போனார். மூடி நல்ல இறுக்கம். மகள் இன்னும் மன்னிக்கவில்லை.