கலைச்சொல்: செம்புப்பட்டையா, அலகா?

ஆங்கிலத்தில் Copperband butterflyfish எனப்படும் கடல்மீனுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், 'செம்புப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீன்' என்று நேற்று முன்வைத்தவர் ஆங்கிலப் பெயரை அப்படியே இறக்கியிருக்கிறார். தப்பில்லை. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் மீன் இடுக்கில் ஒளிந்துவிடும்.

பட்டையை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. சிங்கப்பூரின் தென்தீவுகளில் ஒன்றான புலாவ் ஹந்துவில் நீர் வற்றிய ஒரு விடியலில் இதைப் பார்த்தேன். முழங்காலளவு கலங்கல் தண்ணீர். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள் முதலில் தெரிந்தன. சரி, ஆனால் எட்டுக் கறுப்புக் கோடுகளோடு அதன் பங்காளி ஒன்றும் நம் தென்தீவுகளில் திரிகிறது. பட்டை இரண்டுக்கும் பொது. நீண்ட மூஞ்சி இதற்கு மட்டும்தான். அதை இடுக்கில் நுழைத்துப் புழுக்களைக் கவ்வி இழுக்கும். எட்டுக்கோடனுக்கோ குட்டை வாய், பவள உயிரிகளைக் கொத்தித் தின்னும். 1758இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸும் 'ரோஸ்ட்ராட்டஸ்' என்றார், அலகுடையது என்று பொருள். ஆகவே அலகு என்றே வைப்போம். 'ஊசிமூக்கு' வேண்டாம், முரல் மீன் நினைவுக்கு வரும்.

அப்புறம், வண்ணத்துப்பூச்சிக்கு இலங்கையில் வழங்கும் 'வண்ணாத்தி' சாதிப் பெயரோடு ஒட்டுகிறது என்ற தயக்கம் நியாயமானது. துணைக்காலை எடுத்துவிட்டால் 'வண்ணத்தி', வண்ணமும் கெடாது. என் முடிவு: அலகு வண்ணத்தி.

முதுகுத் துடுப்பின் பின்பக்கம் உள்ள கரும்பொட்டுக்கு 'கண்புள்ளி'யைவிடப் 'பொய்க்கண்' பொருத்தம். உண்மைக் கண் பட்டைக்குள் மறைந்திருக்க, கடிக்க வரும் மீன் வால்பக்கத்தைத் தலை என்று ஏமாறும் என்கிறார்கள். சொல்லிலேயே அந்தச் சூழ்ச்சி இருக்கட்டும்.

வாழிடத்துக்கு வருவோம். 'பவளப்பாறை' பாடநூலில் ஊறிவிட்டது, ஆனால் பாறை என்றதும் உயிரில்லாத கல்தான் மனசில் நிற்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கடலடித் திட்டைப் 'பார்' என்றார்கள். 'பவளப்பார்' என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் சிரித்தார்கள், சிங்கப்பூரில் பார் என்றால் பியர் கிளாஸ்தான். இருந்தும் விட மனமில்லை, கூட்டுச்சொல்லாக வரும்போது குழப்பம் வராது: நீர் வற்றினால் தலைகாட்டும் சமதளம் 'பார்த்தளம்', அதைத் தாண்டி இறங்குவது 'பார்ச்சரிவு'. இங்கே கலங்கல் வெளிச்சத்தை மறிப்பதால் பவளம் மேலே சில மீட்டர் ஆழத்துக்குள்தான் அடர்ந்திருக்கும். தளமும் சரிவும் சேரும் ஓரத்தில்தான் நம் மீனைத் தேட வேண்டும்.

அந்த ஓரத்துக்குப் 'பார்விளிம்பு' போதுமா? 'பார்முகம்' என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு அது நேராக எதிரே நிற்கும் சுவர்போலத் தோன்றுகிறது.