மாமாவுக்கு முடிவைச் சொல்லாதீர்கள்

குழு: அம்மாச்சி வீடு
ஞாயிறு, இரவு 9:05

மாமா: நெட்ஃப்ளிக்ஸில் மரடோனா மெக்சிகோவில் பயிற்சியாளராக இருந்த கதையைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். மிச்சத்தை யாரும் முன்கூட்டியே சொல்லக் கூடாது. முக்கியமாகக் கதிர்.

கதிர்: அப்பா, நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்.

மாமா: அதனால்தான் குழுவில் போடுகிறேன். நாலு பேர் சாட்சி.

சித்தி: மெக்சிகோவில் 86இல் உலகக் கோப்பை வாங்கினாரே, அதுவா அண்ணா?

மாமா: அது ஆட்டக்காரராக. இது 2018 செப்டம்பர். சினலோவா மாநிலத்தில் குலியாகான் என்று ஒரு நகரம். அங்கே டொராடோஸ் என்று ஓர் அணி. இரண்டாம் டிவிஷன். இவர் வருவதற்கு முன் அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பட்டியலில் கிட்டத்தட்ட அடிமட்டம்.

அத்தை: சமையலறை வரைக்கும் ஸ்பானிஷ்தான் கேட்கிறது. கீழ்வீட்டம்மா என்ன சண்டை என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

பெரியம்மா: சினலோவாவா? அது போதைப்பொருள் கடத்துகிற ஊர் ஆயிற்றே. டேய், நீ அந்தப் பக்கம் போகிறாயா?

அண்ணன் மெக்சிகோ: அம்மா, நான் இருப்பது குவாதலஹாரா. வேறு மாநிலம்.

பெரியம்மா: சாப்பிட்டாயா?

அண்ணன் மெக்சிகோ: இங்கே இப்போதுதான் காலை 9:40 அம்மா. காபி ஆயிற்று.

மாமா: உலகம் முழுக்க அதே கிண்டல்தான் அக்கா. கொக்கெய்ன் பழக்கம் இருந்த மனிதரை அந்த ஊருக்கே கூப்பிட்டிருக்கிறார்களே என்று. அவரோ அறிமுகக் கூட்டத்திலேயே, அது ஒரு நோய், அதை விட்டு வந்துவிட்டேன் என்கிற மாதிரி பேசிவிட்டார். ஒளிக்கவில்லை பார்.

மாமா: முழங்கால் இரண்டும் போயிருந்தது. நடப்பதைப் பார்த்தால் நமக்கு வலிக்கிறது. ஆனால் ஜெயித்த அன்று உடைமாற்றும் அறையில் பையன்களோடு ஆடுகிறார் பாருங்கள், அந்த நேரத்தில் கால் எங்கே வலித்தது என்றே தெரியவில்லை.

கதிர்: புகழ்பெற்ற பயிற்சியாளர் குவார்டியோலா கடைசியாக ஆட்டக்காரராக இருந்ததும் இதே அணியில்தான். 2006. அந்த வருடமே அணி முதல் டிவிஷனிலிருந்து இறங்கிவிட்டது.

மாமா: இது சொல்லலாம். இது பழைய கதை.

அண்ணன் மெக்சிகோ: அதற்கப்புறம் 2015இல் மேலே போய் 2016இல் மறுபடி கீழே வந்தார்கள். மாமா, இன்னொன்று. குலியாகானில் கால்பந்து இரண்டாவது விளையாட்டு. முதலாவது பேஸ்பால். தொமதேரோஸ் என்ற அணிதான் அங்கே செல்லப்பிள்ளை. தக்காளி விளைகிற ஊர், அணிக்கும் தக்காளிக்காரர்கள் என்று பெயர்.

சித்தி: தக்காளி இங்கே என்ன விலை தெரியுமா?

அத்தை: அதை ஏன் கேட்கிறீர்கள்.

மாமா: முதல் ஆட்டம் பார்த்தேன். 2018 செப்டம்பர் 17. எதிரணி தபாச்சுலா ஊரின் கஃபெதலேரோஸ். 4-1. ஈக்வடார்க்காரர் அங்குலோ மூன்று கோல். எழுந்து நின்று கைதட்டிவிட்டேன்.

அண்ணன் மெக்சிகோ: அந்த எதிரணி யார் என்று தொடரில் சொன்னார்களா?

மாமா: காபிக்காரர்கள் என்ற வரை தெரியும். ஏன்?

அண்ணன் மெக்சிகோ: மாமா, அந்த ஆட்டத்தன்று கஃபெதலேரோஸ் இரண்டாம் டிவிஷனில் இருந்திருக்கவே கூடாது. சொல்கிறேன், கொஞ்சம் நீளம். இங்கே ஒரு வருடத்தில் இரண்டு சிறு சீசன். ஆடி மாத வாக்கில் தொடங்கி டிசம்பரில் முடிவது அபெர்துரா. ஜனவரியில் தொடங்கி மே வாக்கில் முடிவது க்ளௌசுரா. ஒவ்வொன்றிலும் முன்னணி அணிகள் லிகியா என்கிற நாக் அவுட் ஆடி ஒரு சாம்பியன் வரும். அப்போதைய விதிப்படி இரண்டு சாம்பியன்களும் மோதி ஜெயிக்கிறவர் முதல் டிவிஷனுக்குப் போக வேண்டும். ஒரே அணி இரண்டையும் வாங்கிவிட்டால் மோதலே கிடையாது, நேராக மேலே. 2018 மே மாதம் கஃபெதலேரோஸ் அந்த இறுதி மோதலில் வஹாகா ஊரின் அலெப்ரிஹேஸ் அணியை ஜெயித்தது.

கதிர்: அப்புறம் ஏன் போகவில்லை?

அண்ணன் மெக்சிகோ: சான்றிதழ் இல்லை. அரங்கம், வரவு செலவு இதையெல்லாம் பார்த்து லீக் சான்றிதழ் தரும். அது இல்லாத அணி ஜெயித்தாலும் போக முடியாது. அந்த வருடம் முதல் டிவிஷனிலிருந்து இறங்க வேண்டியது புவெப்லாவின் லோபோஸ் புவாப். அவர்கள் 12 கோடி பெசோ கட்டி அங்கேயே இருந்துவிட்டார்கள். அந்தப் பணம் கஃபெதலேரோஸுக்குப் போனது. அப்போதைய மதிப்பில் நம் பணம் 40 கோடிக்கு மேல் வரும். பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டுவிட்டு, "இடமில்லை, இந்தாருங்கள் காசு, ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுப்பிவிட்ட கதைதான்.

பெரியம்மா: அது பெரிய அவமானம் ஆயிற்றே.

சித்தி: ஜெயித்தவனுக்குக் காசு, தோற்றவனுக்கு இடமா?

மாமா: ஆக நான் எழுந்து நின்று கைதட்டியது நாலு மாதத்துக்கு முன் ஏமாற்றப்பட்ட அணி தோற்றதற்கா?

அண்ணன் மெக்சிகோ: ஆமாம் மாமா.

மாமா: இனிமேல் நீயும் எதுவும் சொல்லாதே.

கதிர்: அதற்கே இப்படி என்றால் அந்த இரண்டு பைனலையும் தாங்கவே மாட்டீர்கள்.

கதிர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா: நீக்கினால்? பார்த்துவிட்டேன்.

அத்தை: ரிமோட்டைச் சோபாவில் எறிந்தாயிற்று.

மாமா: இரண்டு பைனலா? இரண்டா? நான் ஒன்றுக்குக்கூட இன்னும் வரவில்லையே.

கதிர்: அப்பா, கைத்தவறு.

மாமா: சரி. மானம் போனது போனதுதான். இனி முழுவதும் சொல்லுங்கள். அரைகுறையாகத் தெரிந்துவைத்துக்கொண்டு தூங்க முடியாது.

கதிர்: அடிமட்டத்திலிருந்து லிகியாவுக்கு வந்து, 2018 அபெர்துரா இறுதி வரை வந்துவிட்டார்கள். எதிரணி அட்லெடிகோ சான் லூயிஸ். இங்கே பைனல் என்றால் இரண்டு ஆட்டம், கோலைக் கூட்டிப் பார்ப்பார்கள். குலியாகானில் நடந்த முதல் ஆட்டம் டொராடோஸுக்கு 1-0.

மாமா: பலே.

கதிர்: ஆனால் அந்த ஆட்டத்தில் மரடோனாவை நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். அதனால் டிசம்பர் 2, சான் லூயிஸ் பொதொசியில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ஓரக்கோட்டுப் பக்கமே வர முடியாது. மேலே ஒரு அறையில் உட்கார்ந்து பார்த்தார். கூடுதல் நேரம் வரைக்கும் போய் 4-2 தோல்வி. மொத்தத்தில் 4-3.

மாமா: ஒரே ஒரு கோல்!

கதிர்: அப்புறம் கிளம்பும்போது சான் லூயிஸ் ரசிகர்கள் ஏதோ சொல்ல, இவர் கையை ஓங்கிக்கொண்டு போய்விட்டார். காவலர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

மாமா: அது அவர் சுபாவம். அப்படி இல்லையென்றால் மரடோனாவே இல்லை.

பெரியம்மா: வயசான மனுஷன் அடிக்கப் போகலாமா தம்பி?

மாமா: ஐம்பத்தெட்டு வயது அக்கா. என்னைவிடச் சின்னவர்.

அத்தை: அதனால்தான் பயமாக இருக்கிறது.

அண்ணன் மெக்சிகோ: ஜனவரியில் அர்ஜென்டினாவில் வயிற்றில் ரத்தக்கசிவு என்று அறுவைசிகிச்சை. அடுத்த சீசனுக்குத் தாமதமாகத்தான் திரும்பினார். மார்ச் கடைசியில் தம்பிகோ மதெரோவை 3-2 ஜெயித்ததும் வெற்றியை வெனிசுலா அதிபர் மதுரோவுக்குச் சமர்ப்பணம் என்று சொல்ல, மெக்சிகோ கால்பந்துக் கூட்டமைப்பு அபராதம் போட்டது.

மாமா: சரி, இரண்டாவது பைனல்?

அண்ணன் மெக்சிகோ: 2019 மே. மறுபடி டொராடோஸ், மறுபடி சான் லூயிஸ். குலியாகானில் 1-1. சான் லூயிஸில் 1-0. அவ்வளவுதான் மாமா.

மாமா: மறுபடி ஒரே ஒரு கோல்.

மாமா: மறுபடி அதே அணி.

அண்ணன் மெக்சிகோ: ஆமாம். ஜூனில் உடம்பு காரணம் சொல்லி விலகிவிட்டார். தோளிலும் முழங்காலிலும் சிகிச்சை. செப்டம்பரில் அர்ஜென்டினாவில் ஹிம்னாசியா அணிக்குப் போனார். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

மாமா: 2020 நவம்பர் 25. மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை.

சித்தி: எனக்கு நினைவிருக்கிறது அண்ணா. அம்மா உன்னைக் கூப்பிட்டுத் திட்டினார்.

கதிர்: அண்ணா, அந்த சான் லூயிஸ் பின்னால் பெரிய கை இருந்ததே. ஸ்பெயினின் அட்லெடிகோ மாட்ரிட் கிளப் 2017இலேயே பங்கு வாங்கிவிட்டது. சிவப்பு வெள்ளை வரிச் சட்டைகூட அதேதான். காசு ஜெயித்தது என்றுதானே சொல்ல வேண்டும்?

அண்ணன் மெக்சிகோ: அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு சான் லூயிஸ்காரர் இருக்கிறார். மரடோனா பெயரை எடுத்தாலே அவருக்குக் கோபம் வரும். இரண்டு கோப்பையும் எங்கள் பையன்கள் வாங்கினார்கள், படம் மட்டும் தோற்றவரைப் பற்றியா என்பார். நியாயம்தானே? 2013இல் அந்த ஊரில் இருந்த முதல் டிவிஷன் அணியையே முதலாளிகள் தூக்கிக்கொண்டு சியாபாஸ் மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். ஆள், இடம் எல்லாம் சேர்த்து. ஊர் வெறுமையாக நின்றது. ஆறு வருடம் கழித்து மறுபடி முதல் டிவிஷன், அதுவும் இரண்டு சீசனையும் ஆடியே ஜெயித்து. காசு கொடுத்து வந்தவர்கள் வேறு ஆட்கள்.

கதிர்: ஹுவாரெஸ்!

அண்ணன் மெக்சிகோ: அதேதான். எல்லை ஊரான ஹுவாரெஸ் அணியும் அந்த இரண்டாம் டிவிஷனில்தான் இருந்தது. அந்த வருடம் சாம்பியன் ஆகவில்லை. 2019 கோடையில் லோபோஸ் புவாப்பின் இடத்தை விலைக்கு வாங்கி முதல் டிவிஷனில் உட்கார்ந்துவிட்டது.

சித்தி: லோபோஸ் என்றால் போன வருடம் 12 கோடி கட்டி இருந்தவர்கள்தானே?

அண்ணன் மெக்சிகோ: சித்தி, நீங்கள்தான் சரியாகக் கவனிக்கிறீர்கள். கட்டி வைத்துக்கொண்ட இடத்தை அடுத்த வருடமே விற்றுவிட்டார்கள்.

சித்தி: சீட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதியவள் நான். இதெல்லாம் தானாகப் புரியும்.

மாமா: அந்த வருடம் கீழே இறங்க வேண்டியவர் யார்? சான் லூயிஸ் ஏறினால் ஒருவர் இறங்க வேண்டுமே.

அண்ணன் மெக்சிகோ: வெராக்ரூஸ். அப்போது இறக்கத்தை அந்த வருடப் புள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். மூன்று வருடச் சராசரி. வெராக்ரூஸ் அதில் கடைசி. என்ன செய்தார்கள் தெரியுமா?

பெரியம்மா: 12 கோடி கட்டினார்களா?

அண்ணன் மெக்சிகோ: அம்மா!

பெரியம்மா: வேறென்ன செய்வார்கள். எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்.

அண்ணன் மெக்சிகோ: கட்டினார்கள். அதனால் அடுத்த சீசன் 18 அணிக்குப் பதில் 19 அணியோடு தொடங்கியது. முதல் டிவிஷனில் இருக்கக் கோடிக்கணக்கில் கட்டிய அந்தக் கிளப் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் பாக்கி. 2019 அக்டோபர் 18, டைக்ரஸ் அணியோடு ஆட்டம். நடுவர் விசில் ஊதினார். வெராக்ரூஸ்காரர்கள் அசையவில்லை. சும்மா நின்றார்கள். டைக்ரஸும் முதலில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் ஆட ஆரம்பித்து, எதிரே சிலைபோல நிற்பவர்களைத் தாண்டிக் கோல் அடித்தார்கள்.

மாமா: நின்றுகொண்டிருப்பவர்கள்மேலா?

அண்ணன் மெக்சிகோ: ஆமாம். கடைசியில் 3-1. டிசம்பரில் கூட்டமைப்பு வெராக்ரூஸை நீக்கிவிட்டது. திரும்பவும் 18.

கதிர்: 12 கோடிக்கு அரை வருடம்தான் வந்திருக்கிறது.

சித்தி: அந்தப் பையன்கள் சம்பளம் வாங்கினார்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

அண்ணன் மெக்சிகோ: நீக்கியதற்கே அந்தச் சம்பளப் பாக்கிதான் முக்கியக் காரணம் சித்தி.

மாமா: டொராடோஸ் என்ன ஆனது? மறுபடி முயற்சி செய்ததா?

அண்ணன் மெக்சிகோ: முயற்சி செய்ய வழியே இல்லை மாமா. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், முதலாளிகள் கூடி இரண்டாம் டிவிஷனையே கலைத்துவிட்டு லிகா தெ எக்ஸ்பான்சியோன் என்று புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். அதிலிருந்து மேலே போகவும் முடியாது, மேலேயிருந்து இறங்கவும் வேண்டாம். சில வருடங்களுக்கு மட்டும் என்றார்கள். பதிலுக்குச் சிறு கிளப்புகளுக்கு வருடம் 2 கோடி பெசோ உதவித்தொகை. ஆகவே அந்த நிறுத்தத்துக்கு முன் ஆடி ஜெயித்து மேலே போன கடைசி அணி அந்த சான் லூயிஸ்தான்.

கதிர்: அந்த இரண்டு பைனலில் ஒன்றை டொராடோஸ் வாங்கியிருந்தால் குறைந்தபட்சம் ஏற்றத்துக்கான மோதலாவது கிடைத்திருக்கும். அதற்கப்புறம் ஜெயிக்கவும் ஒன்றுமில்லை.

அண்ணன் மெக்சிகோ: 2024 செப்டம்பருக்குப் பிறகு குலியாகானில் கடத்தல் கும்பல்களுக்குள்ளேயே சண்டை. பாதுகாப்பு இல்லை என்று டொராடோஸ் தன் உள்ளூர் ஆட்டங்களைத் திஹுவானாவுக்கு மாற்றிக்கொண்டது. திஹுவானா கிளப்புக்கும் டொராடோஸுக்கும் அப்போது முதலாளி ஒரே குடும்பம். அதனால் அரங்கம் கிடைத்தது.

பெரியம்மா: நான் சொன்னேனே. அந்தப் பக்கம் போகாதே.

அண்ணன் மெக்சிகோ: போகவில்லை அம்மா.

மாமா: இதில் யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சான் லூயிஸ்மேல் முடியாது. ஒழுங்காக ஆடி ஜெயித்திருக்கிறார்கள்.

கதிர்: அப்பா, மிச்சத்தைப் பார்ப்பீர்களா?

மாமா: பார்க்காமல்? தோற்கிற ஆட்டத்தையும் பார்ப்பவன்தான் ரசிகன். 90 உலகக் கோப்பை பைனலை இன்றைக்கும் பார்க்கிறேன். அது பெனால்டியே இல்லை.

அத்தை: ஆரம்பித்துவிட்டார். யாரும் பதில் போடாதீர்கள்.

சித்தி: அண்ணா, குட் நைட்.

மாமா: டேய் கதிர், அந்த வெராக்ரூஸ் நின்ற ஆட்டம் யூடியூபில் இருக்கிறதா?

கதிர்: இருக்கும். டிவியில் போடட்டுமா?

மாமா: போடு. மரடோனா நாளைக்கு.

அத்தை: பத்து மணிக்கு மேல் சத்தம் வந்தால் இரண்டு பேரும் மொட்டை மாடிதான்.