கால் மரத்துப்போவது கூடுது, டாக்டர் ‘டென்ஷன்’ என்கிறார்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். விரல் நுனியில் ஆரம்பித்த மரப்பு இப்போது ரெண்டு கணுக்கால் வரைக்கும் வந்துவிட்டது, செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன். டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "ஐடி வேலைதானே, டென்ஷன்" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். வேறு யாரைப் பார்ப்பது?

பதில்: காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையா? நல்ல டாக்டர்! சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு பார்த்தாச்சா? மாத்திரையைத் தொடும் முன்னால் ரத்தம் கொடுங்க, இல்லாவிட்டால் பி12 அளவு ஏறிக் காட்டும். சைவம் என்றால் அது குறைவது சகஜம்.

பதில்: நரம்பியல் டாக்டரைப் பாருங்க. மரப்பு மளமளவென்று மேலே ஏறினாலோ, படியேறும்போது கால் துவண்டாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி) அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.

கேட்டவர்: சைவம்தான். நாளைக்கே ரத்தம் கொடுக்கிறேன்.